‘நான் இல்லைன்னா இங்க ஒண்ணும் நடக்காது!’ என்பவரை வழிநடத்துவது எப்படி?

அநேகமாக எல்லா அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். வேலையில் கெட்டிக்காரர். ஆனால், மீட்டிங்கில் அடுத்தவர் பேசி முடிப்பதற்குள் குறுக்கே பேசுவார். காரியம் கைகூடினால் ‘நான் செஞ்சேன்’ என்பார். சொதப்பினால் ‘டீம் சரியில்லை’ என்பார். புதிதாகச் சேர்ந்தவர் ஒரு சந்தேகம் கேட்டால், ‘இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தே?’ என்று நாலு பேர் முன்னால் கேட்பார். அவரைக் கண்டிக்க மேலாளருக்குத் தயக்கம். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டால், கையில் இருக்கிற ஆர்டரை யார் முடிப்பது?

அந்தத் தயக்கத்தில்தான் பிரச்னையின் வேர் இருக்கிறது. தலைக்கனம் ஒருவருடைய இயல்பிலேயே கொஞ்சம் இருக்கலாம். அதற்குத் தீனி போட்டு வளர்ப்பது, அவர் வராவிட்டால் வேலை நின்றுபோகும் என்ற நிலைமை. அந்த நிலைமைக்கு நிர்வாகமே பொறுப்பு. எனவே, ஆளின் குணத்தைத் திருத்தக் கிளம்பும் முன், வேலை நடக்கும் முறையைத் திருத்துங்கள். அவர் குணம் மாற நாளாகலாம், மாறாமலும் போகலாம். ஆனால், அதனால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்தை நிச்சயம் நிறுத்த முடியும்.

முதல் கேள்வி: அது திமிர்தானா?

தன்னம்பிக்கை உள்ளவரும் கறாராகப் பேசுவார், வாதாடுவார். ஆனால், எதிரே ஆதாரத்தை வைத்தால் ‘சரி, நீங்க சொன்னபடி பண்ணலாம்’ என்று இறங்கி வருவார். தலைக்கனம் பிடித்தவர் ஆதாரத்தைப் பார்க்க மாட்டார், சொன்னது யார் என்று பார்ப்பார். இந்த நான்கு அடையாளங்களைக் கவனியுங்கள்: தெரிந்ததைச் சொல்லித்தர மறுப்பது, தவறை எப்போதும் அடுத்தவர் தலையில் கட்டுவது, மற்றவர் உழைப்பைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது, தனக்குக் கீழே இருப்பவரிடம் ஒரு குரலும் மேலே இருப்பவரிடம் வேறு குரலுமாகப் பேசுவது. இவற்றில் இரண்டு மூன்று தொடர்ந்து நடந்தால், பிரச்னை உண்மையானது.

இங்கே நிர்வாகம் தன்னையும் சோதித்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ‘திமிர் பிடிச்சவன்’, ‘வாய்க்கொழுப்பு’ என்ற பட்டம் பல நேரம் தவறான ஆளுக்குப் போய்ச் சேருகிறது. நேரடியாகக் கேள்வி கேட்கும் பெண், முதல் தலைமுறைப் பட்டதாரி, வயதில் சிறியவர், ‘அண்ணே’ என்று குழையாமல் நிமிர்ந்து பேசுகிறவர், சாதி அடுக்கில் கீழே வைத்துப் பார்க்கப்படுகிறவர்: இவர்கள் சாதாரணமாகப் பேசினாலே சிலருக்கு அது திமிராகத் தெரியும். அதே வார்த்தையை அதே தொனியில் உங்கள் சீனியர் ஒருவர் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்குமா? வந்திருக்காது என்றால், திருத்த வேண்டியது அவரை அல்ல.

திறமைக்காகப் பொறுத்துக்கொண்டால் லாபமா, நஷ்டமா?

‘கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பார், ஆனா வேலைக்காரர்’ என்பது மேலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். இதை டாலர் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள் மைக்கேல் ஹவுஸ்மன், டிலன் மைனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள். 11 நிறுவனங்களைச் சேர்ந்த 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் விவரங்களை வைத்து 2015-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வழியாக அவர்கள் வெளியிட்ட ஆய்வறிக்கையின் கணக்கு இது: முதல் 1% திறமைசாலி ஒருவரை வேலைக்கு எடுத்தால், நிறுவனத்துக்குக் கிடைக்கும் கூடுதல் பலன் சுமார் 5,303 டாலர். சூழலையே கெடுக்கும் ஒருவரைத் தவிர்த்தால் மிச்சமாவது சுமார் 12,489 டாலர். அந்த ஒருவரால் மற்றவர்கள் வேலையை விட்டுப் போவதும் புது ஆள் எடுப்பதுமான செலவு மட்டும்தான் இது. வழக்குச் செலவும் மனஉளைச்சலும் இதில் சேரவில்லை.

அந்த ஆய்வில் ‘சூழலைக் கெடுப்பவர்’ என்று எடுத்துக்கொண்டது, துன்புறுத்தல், மோசடி போன்ற பெரிய தவறுகளுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களை. தலைக்கனம் உள்ள எல்லோரும் அந்த ரகம் கிடையாது. ஆனால், அளவுமீறிய தன்னம்பிக்கையும் தன்னலமும் உள்ளவர்கள் அந்தப் பக்கம் சாய அதிக வாய்ப்பிருப்பதை அதே ஆய்வு காட்டியது. அப்படிப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்கிறவர்களாக இருந்ததையும் அது காட்டியது. அதனால்தான் அவர்கள் நெடுநாள் தப்பித்துக்கொள்கிறார்கள். வேகம் கண்ணுக்குத் தெரிகிறது. அவரால் வேலையை விட்டுப்போன இரண்டு நல்ல ஆட்களின் இழப்பு அவர் பெயரில் எந்த ரிப்போர்ட்டிலும் ஏறுவதில்லை.

மற்றவர்கள் வாய் மூடினால் என்ன ஆகும்?

1977 மார்ச் 27. கேனரி தீவுகளின் டெனரீஃப் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்று டச்சு நிறுவனமான கேஎல்எம்முடையது, மற்றது பான் ஆம் நிறுவனத்தினுடையது. கேஎல்எம் விமானத்தின் கேப்டன், அந்த நிறுவனத்தின் 747 விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தலைமைப் பயிற்சியாளர். அவர் ஒருமுறை கிளம்ப முனைந்தபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நினைவூட்டினார். சிறிது நேரத்தில் கேப்டன் மறுபடி விமானத்தைக் கிளப்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, பான் ஆம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. அடுத்த சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. 583 பேர் இறந்தார்கள்.

பனி, வானொலித் தொடர்பில் ஏற்பட்ட குறுக்கீடு, விமான நிலைய நெரிசல் என்று அந்த விபத்துக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. கேப்டனை அகந்தைக்காரர் என்று முத்திரை குத்த அந்தச் சம்பவம் போதாது. ஆனால், ஒரு பாடத்தை விமானத் துறை உறுதியாக எடுத்துக்கொண்டது: ஒருவருடைய அந்தஸ்து பெரிதாக இருந்தாலே போதும், பக்கத்தில் இருப்பவரின் வாய் தானாக மூடிக்கொள்ளும். இதுபோன்ற விபத்துகளை ஆராய்ந்த நாசா 1979-ல் ஒரு பயிலரங்கை நடத்தியது. 1981-ல் யுனைடெட் ஏர்லைன்ஸ் இதற்கென்றே தனிப் பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவர் சந்தேகத்தை உரக்கச் சொல்வதும், கேப்டன் அதைக் காது கொடுத்துக் கேட்பதும் வேலையின் பகுதியாகவே ஆக்கப்பட்டன. கேப்டன்களின் மனம் தானாகக் கனியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. விதி மாறியது, பழக்கம் மாறியது.

உங்கள் அலுவலகத்தில் உயிர் போகாமல் இருக்கலாம். ஆனால், ‘அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?’ என்று தவறைத் தெரிந்தே விடுகிற ஒவ்வொரு முறையும் பணமும் பெயரும் போகின்றன.

சட்டைப்பையில் இருக்கும் டயரி

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக்குச் சரியான ஷேடு கொண்டுவருவது நுட்பமான வேலை. எந்தச் சாயம் எத்தனை சதவீதம், உப்பு எவ்வளவு, சோடா எப்போது, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் என்பதில் கொஞ்சம் பிசகினாலும் லாட் முழுக்க ஷேடு மாறிவிடும். அனுபவமுள்ள டையிங் மாஸ்டர் ஈரத்துணியைக் கையில் பிடித்துப் பார்த்தே, காய்ந்தால் இது எந்த நிறத்துக்கு வரும் என்று சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்குத்தான் மதிப்பு. ஆனால், ரெசிபி முழுவதும் அவர் சட்டைப்பையில் இருக்கும் சின்ன டயரியில் மட்டுமே இருந்தால், அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தாலும் மெஷின் நிற்கும். அங்கே அவர் முதலாளியிடம் எப்படிப் பேசினாலும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

டயரியைக் கேட்டால் தர மாட்டார். அவருக்கும் ஒரு நியாயமான பயம் உண்டு: எழுதிக் கொடுத்த மறுமாதம் கம்மி சம்பளத்துக்கு வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். எனவே, பேச்சு இப்படிப் போகலாம்:

‘மாஸ்டர், நீங்க போடற ஷேடு நல்லாருக்குன்னு பையரே சொல்றாங்க. இனிமே ஒவ்வொரு லாட் ரெசிபியும் ரிஜிஸ்டர்ல உங்க பேர்ல ஏறட்டும். உங்க கையெழுத்து இல்லாம எந்த லாட்டும் வெளிய போகக் கூடாது. எழுதறதுக்கு ஒரு பையனைத் தர்றேன்.’

‘எழுதி வெச்சுட்டா அப்புறம் யாரு வேணா போட்டுருவாங்களேங்க?’

‘சாதா ஷேடை அவங்க போடட்டும் மாஸ்டர். கஷ்டமான ஷேடும், தப்பானதைச் சரிபண்றதும் உங்ககிட்டதானே வரும்? உங்க சம்பளம் குறையாது, அதை லெட்டர்லயே எழுதித் தர்றேன்.’

இந்தப் பேச்சில் மூன்று காரியம் நடக்கிறது. அவர் மதிப்பு கூடுகிறது. அவர் பயத்துக்குப் பதில் கிடைக்கிறது. பட்டறை ஒரே ஆளை நம்பியிருப்பது குறைகிறது. கொடுத்த வாக்கைக் கட்டாயம் காப்பாற்றுங்கள். ரெசிபியை வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவிட்டால், அது துரோகம். அடுத்து வரும் மாஸ்டர் அந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் வருவார். டயரியைக் கண்ணிலேயே காட்ட மாட்டார்.

ஐடி நிறுவனத்தில் இதே டயரி, ஒருவருக்கு மட்டுமே புரியும் கோடாக இருக்கும். விற்பனைத் துறையில், ஒருவருடைய செல்போனில் மட்டும் இருக்கும் வாடிக்கையாளர் எண்களாக இருக்கும். மருந்தும் ஒன்றுதான்: எழுதி வைப்பது, இரண்டாவது ஆளைத் தயார்செய்வது, பொறுப்புகளைச் சுழற்சியில் விடுவது. ‘யார் எழுதிய கோடாக இருந்தாலும் இன்னொருவர் ரிவ்யூ செய்யாமல் உள்ளே போகாது’ என்று விதி வைத்தால், அது டீம் லீடுக்கும் பொருந்த வேண்டும். ஒருவரைக் குறிவைத்து விதி போட்டால் அது பழிவாங்கல் ஆகிவிடும்.

எப்படிப் பேசுவது?

‘உனக்கு ஈகோ ஜாஸ்தி’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. அதற்கு மறுப்பு வரும், சண்டை வரும், மாற்றம் வராது. ராய் பாமைஸ்டரும் சக உளவியலாளர்களும் 1996-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வலியுறுத்திய செய்தி இங்கே பயன்படும்: தன்னைப் பற்றி உயர்வாக எண்ணிக்கொண்டிருப்பவர், அந்த எண்ணத்துக்குச் சவால் வரும்போதுதான் மூர்க்கமாகிறார். ஆகவே, எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டி ‘அடக்கிவிட்டேன்’ என்று நினைத்தால், அடுத்த வாரம் அதன் விளைவு வேறு ஒருவர் தலையில் விடியும்.

தனி அறையில், கோபம் ஆறிய பிறகு, ஆனால் இரண்டு நாளுக்குள் பேசுங்கள். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனம் பரப்பிய எளிய வரிசை ஒன்று உண்டு: எந்தச் சந்தர்ப்பம், என்ன செய்தார், அதனால் என்ன ஆனது. நம் பேச்சில் அது இப்படி வரும்:

‘நேத்து காலை ரிவ்யூ மீட்டிங்ல அந்தப் பொண்ணு ரெண்டாவது ஸ்லைடு காட்டிட்டிருந்தப்ப, “இதெல்லாம் வேஸ்ட்”னு நிறுத்திட்டீங்க. அதுக்கப்புறம் யாருமே வாயைத் திறக்கலை. க்ளையன்ட் டேட் மாறின விஷயம் அவங்ககிட்டதான் இருந்துச்சு. நமக்கு அது மதியம்தான் தெரிஞ்சுது. அடுத்த தடவை அவங்க முடிக்கட்டும், அப்புறம் உங்க கருத்தைச் சொல்லுங்க.’

இதில் குணத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நடந்தது இருக்கிறது, விளைவு இருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கிறது. சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க நல்லவர்தான்’ என்று பூசி மெழுகினால், சொன்னது அத்தனையும் கரைந்துவிடும். அவர் ‘நான் மட்டுமா?’ என்று மற்றவர்களை இழுத்தால், ‘அவங்ககிட்ட தனியா பேசுறேன். இப்ப இது உங்க விஷயம்’ என்று திரும்பக் கொண்டுவாருங்கள்.

பாராட்டைக் குறைக்காதீர்கள், குறிப்பாகச் சொல்லுங்கள்

‘பாராட்டினால் தலைகால் புரியாது’ என்று பலர் பாராட்டையே நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், அவர் தானே தன்னைப் பாராட்டிக்கொள்ளத் தொடங்குவார். ‘நீங்கதான் கம்பெனியோட தூண்’ என்று பொதுவாகப் புகழாமல், செய்த வேலையைச் சொல்லிப் புகழுங்கள்: ‘அந்த மெஷின் கோளாறை நீங்க அரை மணி நேரத்துல கண்டுபிடிச்சதால ஷிப்மென்ட் தப்பிச்சுது. ராத்திரி இருந்து பார்ட்ஸ் வாங்கிட்டு வந்த ஸ்டோர்ஸ் ஆளுங்களுக்கும் இதுல பங்கு உண்டு.’

மற்றவர்கள் பங்கை அவர் மறைப்பது எப்போதும் வேண்டுமென்றே நடப்பதல்ல. மைக்கேல் ராஸ், ஃபியோரி சிகோலி இருவரும் 1979-ல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவி இருவரிடமும் வீட்டு வேலையில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் முழுப் பங்கைத் தாண்டியது. நாம் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கிறது, அடுத்தவர் பட்ட பாட்டை நாம் பார்ப்பதே இல்லை. எனவே, வேலை முடிந்ததும் யார் எதைச் செய்தார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள். அப்ரைசல் நேரத்தில் சத்தமாகப் பேசுகிறவர் மட்டும் ஜெயிக்காமல் இருக்க அந்த ஒரு பக்கம் போதும்.

மீட்டிங்கில் வயதிலும் பதவியிலும் சிறியவர் முதலில் பேசட்டும், சீனியர் கடைசியில் பேசட்டும். பெரியவர் தீர்ப்புச் சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசும் துணிச்சல் பலருக்கு வராது. யோசனைகளை முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. காகிதத்தில் யாராலும் குறுக்கே பேச முடியாது.

அவர் உங்களுக்குக் கீழே இல்லாவிட்டால்?

சக ஊழியர் என்றால் உங்களிடம் அதிகாரம் கிடையாது. எல்லை போடும் உரிமை உண்டு. ‘நான் முடிச்சுடறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க’ என்பதைச் சிரிக்காமலும் முறைக்காமலும், ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் சொல்லுங்கள். உங்கள் வேலையை அவர் தன்னுடையதாகக் காட்டுகிறார் என்றால், பேசி முடிவானதை அன்றே மின்னஞ்சலில் போட்டு, பார்க்க வேண்டியவர்களுக்கும் காப்பி அனுப்புங்கள். டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசி ஆற்றிக்கொள்ளாதீர்கள். அது எப்படியும் அவர் காதுக்குப் போகும், பிறகு தவறு உங்கள் பக்கம் திரும்பிவிடும். மேலாளரிடம் போவதென்றால், ‘அவர் திமிரா இருக்கார்’ என்று போகாமல், எந்தத் தேதியில் என்ன நடந்தது, வேலை எப்படிப் பாதித்தது என்ற குறிப்போடு போங்கள்.

மேலதிகாரியே அப்படிப்பட்டவர் என்றால், பொதுவெளியில் எதிர்க்காதீர்கள். தனியாகச் சந்தித்து, ‘சார், இதுல ஒரு ரிஸ்க் இருக்கு. ரெண்டு வழி யோசிச்சு வெச்சிருக்கேன், நீங்க பார்த்துச் சொல்லுங்க’ என்று தேர்வை அவர் கையில் கொடுங்கள். நல்ல யோசனை அவர் பெயரில் போனாலும் சில நேரம் வேலை நடப்பது முக்கியம். ஆனால், தொடர்ந்து அவமானப்படுத்தினாலோ, சட்டவிரோதமான எதையாவது செய்யச் சொன்னாலோ, பொறுமை அங்கே முடிய வேண்டும். மனிதவளத் துறையிடம் எழுத்துமூலம் கொடுங்கள். பாலியல் தொல்லை என்றால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். நேராக அங்கே போங்கள்.

எப்போது போகவிட வேண்டும்?

பேசியாகிவிட்டது, மதிப்பும் கொடுத்தாகிவிட்டது, விதிகளும் போட்டாகிவிட்டது. அப்படியும் மாறவில்லை என்றால், இரண்டாவது பேச்சு எழுத்தில் இருக்க வேண்டும். எதை மாற்ற வேண்டும், எந்தத் தேதிக்குள், மாறாவிட்டால் என்ன நடவடிக்கை என்று தெளிவாக எழுதுங்கள். மூன்று மாதம் கொடுக்கலாம். இடையிடையே உட்கார்ந்து பேசுங்கள். மாறியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். சிலருக்கு ஆட்களை மேய்க்கும் பதவி ஒத்துவராது, கைவேலையில் மன்னராக இருப்பார்கள். அவர்களுக்கு டீம் பொறுப்பைக் குறைத்து, நிபுணர் என்ற பதவியில் சம்பளத்தை உயர்த்துவது இரு தரப்புக்கும் நல்லது.

எதுவுமே பலிக்கவில்லை என்றால், விடைகொடுங்கள். மெமோ, விளக்கம் கேட்பது, விசாரணை என்று உங்கள் நிறுவன விதியும் சட்டமும் சொல்கிற வழியில் போங்கள். நோட்டீஸ் காலத்தில் பொறுப்புகளை முறையாக ஒப்படைக்கச் செய்யுங்கள். அவமானப்படுத்தாமல் அனுப்புங்கள். அவரை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதைப் பார்த்துத்தான் மீதி இருப்பவர்கள், இந்த இடத்தில் தங்களுக்கு என்ன மரியாதை என்று முடிவு செய்வார்கள். அவர் போன பிறகு, அதுவரை பேசாமல் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பல நாளாகத் தேங்கிக் கிடந்த யோசனைகள் வெளியே வரும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது

ஒரு தாளை எடுத்து, உங்கள் பிரிவில் ஒரே ஆளால் மட்டும் செய்ய முடிகிற வேலைகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கற்றுக்கொள்ள வேண்டிய இரண்டாவது ஆளின் பெயரையும், எந்த மாதத்துக்குள் என்பதையும் எழுதுங்கள். உங்கள் சொந்த வேலைகளையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள். நீங்களே ஒரு வாரம் லீவு போட முடியாத நிலையில் இருந்தால், அடுத்தவரிடம் போய் இதைப் பேச முடியாது. பட்டியலின் முதல் வரியில் யார் பெயர் இருக்கிறதோ, அவரை இந்த வாரமே உட்காரவைத்துப் பேசுங்கள். அவர் திறமை உங்களுக்கு வேண்டும் என்பதையும், அதை அடுத்தவருக்குக் கற்றுத்தருவது இனி அவர் வேலையில் சேர்த்தி என்பதையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.